ஈஸ்ட் கோஸ்ட்டில் ஒதுங்கிய போத்தலுக்கு யார் பொறுப்பு?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் குப்பை பொறுக்கச் சென்ற ஆசிரியர் ஒருவர், சேர்ந்த போத்தல்களில் பாதிக்கு மேல் அண்டை நாடுகளின் முகவரி அச்சிடப்பட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இத்தனை உடன்படிக்கைகள் இருந்தும் இதைத் தடுக்க அனைத்துலகச் சட்டமே இல்லையா? இருக்கிறதென்றால் யார் மீது, எந்த மன்றத்தில் வழக்குத் தொடுப்பது?" என்று கேட்டிருக்கிறார். மாணவர்கள் கேட்டார்களாம், அவரால் பதில் சொல்ல முடியவில்லையாம். நான் முதலில் கப்பல் அதிகாரியாக இருந்து, பிறகு கரையில் கப்பல் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் வேலைக்கு வந்தவன். ஆகவே இந்தக் கேள்வியின் இரு பக்கங்களையும் ஓரளவு பார்த்திருக்கிறேன்.

சட்டங்களுக்குக் குறைவில்லை, அந்தப் போத்தலைப் பிடிக்கும் சட்டம்தான் இல்லை. கடலில் சேரும் பிளாஸ்டிக் பற்றிய அனைத்துலகச் சட்டம் ஒவ்வொன்றும் அதன் பயணத்தில் ஏதோ ஒரு கட்டத்தை மட்டுமே பார்க்கிறது. கப்பலிலிருந்து வீசப்பட்டால் ஒரு சட்டம், வேண்டுமென்றே கொண்டுபோய்க் கொட்டினால் மற்றொன்று, கழிவுச் சரக்காக எல்லை தாண்டினால் இன்னொன்று. ஆற்றோடு அடித்துக்கொண்டு வந்தால் வேண்டுகோள் மட்டும் உண்டு. ஆலையிலிருந்து புறப்படும்போதோ எதுவுமே இல்லை.

கப்பலிலிருந்து தொடங்குவோம், சட்டம் மிகவும் கறாராக இருக்கும் இடம் அதுதான். கப்பல்களால் ஏற்படும் தூய்மைக்கேட்டைத் தடுக்கும் மார்பொல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. எந்தக் கடலிலும், கரையிலிருந்து எவ்வளவு தூரத்திலும், எந்த வகைப் பிளாஸ்டிக்கையும் கடலில் போடக் கூடாது என்பது அதன் விதி. உணவுக் கழிவுக்குக் கரையிலிருந்து இத்தனை கடல் மைல் என்று கணக்கு உண்டு. பிளாஸ்டிக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. கப்பலில் குப்பைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். அதில் 'ஏ' பிரிவு பிளாஸ்டிக். சிங்கப்பூர் நங்கூரத் துறையில் குப்பைப் படகு வந்து பக்கவாட்டில் அணைந்ததும், எத்தனை கன மீட்டர் கொடுத்தோம் என்று எழுதி, கையொப்பமிட்டு, படகுக்காரர் தரும் ரசீதைப் பதிவேட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். அடுத்த துறைமுகத்தில் ஏறும் ஆய்வாளர் முதலில் புரட்டிப் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று. இருபது பேர் கொண்ட கப்பல் இரண்டு வாரம் ஓடியும் பிளாஸ்டிக் கணக்கு பூஜ்யம் என்றிருந்தால், அவர் புருவத்தை உயர்த்துவார். முன்பு 400 டன் அளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கே கட்டாயமாக இருந்த இந்தப் பதிவேடு, 2024 மே மாதம் முதல் 100 டன் கப்பல்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இங்கேயும் ஓட்டைகள் உண்டு. நடுக்கடலில் கப்பலின் மீது அதிகாரம் அது பதிவாகியிருக்கும் நாட்டுக்கே, அதாவது அதன் கொடி நாட்டுக்கே. அந்த நாடு அக்கறை காட்டாவிட்டால், இரவில் பின்தளத்திலிருந்து வீசப்பட்ட மூட்டைக்குச் சாட்சி கடல் மட்டும்தான். மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை பதிவேடு வைக்கும் அளவுக்குக் கீழே இருப்பவை. தற்செயலாக வலை தொலைந்துபோனால், உரிய முன்னெச்சரிக்கைகள் எடுக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், அது தடையை மீறியதாகாது. நைலான் வலை தொலைந்தது தற்செயலா, துறைமுகத்தில் கழிவுக் கட்டணம் கொடுக்க மனமில்லாமல் அறுத்துவிடப்பட்டதா என்று யார் சொல்வது? ஆனாலும் இவை கட்டிய வேலியில் விழுந்த ஓட்டைகள். ஆற்றுமுகத்திலோ வேலியே போடப்படவில்லை. கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி நிலத்திலிருந்து வருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

இந்த வேறுபாட்டை 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல்சட்ட உடன்படிக்கையின் வாசகங்களிலேயே பார்க்கலாம். அதை உருவாக்கிய மாநாட்டின் இறுதிக் கட்டத்துக்குத் தலைமை வகித்தவர் நம் சிங்கப்பூர்த் தூதர் டோமி கோ; 'கடல்களுக்கான அரசமைப்பு' என்று அவர் அதை வருணித்தது சிங்கப்பூரில் பலருக்கும் நினைவிருக்கும். அதன் 192ஆவது பிரிவு, கடல் சூழலைப் பாதுகாப்பதும் பேணுவதும் எல்லா நாடுகளின் கடமை என்று நிபந்தனையின்றிச் சொல்கிறது. அடுத்து வரும் பிரிவுகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். கடலில் கழிவு கொட்டுவது பற்றிய 210ஆவது பிரிவில், உள்நாட்டுச் சட்டங்கள் உலக விதிகளைவிடப் 'பலன் குறைந்தவையாக இருத்தல் கூடாது'. கப்பல்கள் பற்றிய 211ஆவது பிரிவில், கொடி நாட்டின் சட்டம் பொதுவாக ஏற்கப்பட்ட அனைத்துலக விதிகளுக்கு 'இணையான பலனையாவது' தந்தாக வேண்டும். நிலத்திலிருந்து வரும் தூய்மைக்கேடு பற்றிய 207ஆவது பிரிவுக்கு வந்தால், நாடுகள் அனைத்துலக விதிகளைக் 'கருத்திற்கொண்டு' சட்டம் இயற்றினால் போதும். போதாததற்கு, அந்த விதிகளை வகுக்கும்போது வட்டாரத் தன்மைகளையும் வளரும் நாடுகளின் பொருளாதார ஆற்றலையும் வளர்ச்சித் தேவையையும் பார்க்க வேண்டும் என்ற வாசகமும் உண்டு. கருத்திற்கொண்டேன், ஆனால் பின்பற்றவில்லை என்று ஒரு நாடு சொன்னால் அதை உடன்படிக்கை மீறல் என்று நிறுவுவது எளிதன்று. கடலடியில் தூண்டில் முள்ளாக வளைந்திருக்கும் சட்டம், கரைக்கு வரவர நிமிர்ந்து வெறும் கம்பியாகிவிடுகிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இது வரைவாளர்களின் கவனக்குறைவு அன்று. 1967இல் டோரி கேன்யன் கப்பல் இங்கிலாந்துக் கரையருகே பாறையில் மோதி எண்ணெய் கொட்டியதிலிருந்து, கடல் மாசு என்றாலே எண்ணெயும் கப்பலும்தான் அரசுகளின் கண்முன் நின்றன. கப்பல் எல்லோருக்கும் பொதுவான கடலில் ஓடுவது. அதற்கு விதி போட எந்த நாட்டுக்கும் பெரிய தயக்கம் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் ஆற்றங்கரையில் குப்பை எப்படி அள்ளப்படுகிறது, அதன் ஆலைகள் என்ன தயாரிக்கின்றன என்பவை இறையாண்மையின் உள்ளறைகள். அங்கே வெளியார் எட்டிப்பார்ப்பதை எவரும் விரும்பவில்லை. 1995இல் வாஷிங்டனில் ஏற்கப்பட்ட உலகச் செயல்திட்டம் நிலத்திலிருந்து வரும் மாசை நேரடியாகவே எடுத்துப் பேசியது; குப்பையும் அதில் இடம்பெற்றது. ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாத ஆவணம்.

அப்படியானால் 192ஆவது பிரிவை வைத்து ஒரு நாட்டின் மீது வழக்கே போட முடியாதா என்று கேட்டால், கொள்கையளவில் முடியும். நமக்கே அந்த அனுபவம் உண்டு. ஜோகூர் நீரிணையில் சிங்கப்பூர் செய்துவந்த நில மீட்புப் பணிகளால் தன் கடல் சூழல் கெடுகிறது என்று 2003இல் மலேசியா ஹம்பர்க்கிலுள்ள அனைத்துலகக் கடல்சட்ட நடுவர் மன்றத்துக்குச் சென்றது. அவ்வாண்டு அக்டோபரில் மன்றம், பணியை நிறுத்தச் சொல்லவில்லை; இரு நாடுகளும் கலந்து பேசி, சுயேச்சையான வல்லுநர் குழுவை அமைத்துப் பாதிப்பை ஆராய வேண்டும் என்று உத்தரவிட்டது. 2005இல் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. நில மீட்பு என்பது வரைபடத்தில் காட்டக்கூடிய ஒரே பணி. யார் செய்வது, எங்கே, எப்போது தொடங்கியது என்பதில் சந்தேகமே கிடையாது. பிளாஸ்டிக்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

உங்கள் மாணவர்கள் பொறுக்கிய போத்தலின் பட்டைக்குறியைப் பாருங்கள். எண் 899 என்று தொடங்கினால் இந்தோனேசியா, 955 என்றால் மலேசியா, 885 தாய்லாந்து, 893 வியட்நாம், 888 சிங்கப்பூர். ஆனால் அந்த எண் சொல்வது, பொருளுக்குக் குறியீடு எந்த நாட்டில் பதிவானது என்பதை மட்டுமே. எங்கே நிரப்பப்பட்டது, எங்கே குடிக்கப்பட்டது, எங்கே எறியப்பட்டது என்பதை அது சொல்லாது. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் வாங்கிய தண்ணீர் போத்தலை நீரிணையில் நின்ற மூன்றாம் நாட்டுக் கப்பலிலிருந்து ஒருவர் வீசியிருக்கலாம். ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு உல்லாசமாக வந்தவரே வீசியிருக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று நம் தெற்குக் கரைக்குக் குப்பையைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பது தெரிந்த செய்தி. காற்றும் நீரோட்டமும் கொண்டுவந்து சேர்த்த ஆயிரம் போத்தல்களில் எது யாருடைய அலட்சியத்தால் வந்தது என்று பிரித்துக் காட்டாத வரை, தீங்குக்கும் தவறுக்கும் இடையே சட்டம் கேட்கும் தொடர்பைக் காட்ட முடியாது.

இதற்கு ஒரு மாற்றுவழி அண்மையில் கொஞ்சம் தெளிவாகத் திறந்திருக்கிறது. சிறிய தீவு நாடுகளின் வேண்டுகோளின்பேரில் அதே ஹம்பர்க் மன்றம் 2024 மே 21 அன்று பருவநிலை மாற்றம் குறித்து ஆலோசனைக் கருத்தொன்றை வழங்கியது. பசுங்குடில் வாயுக்களும் கடல்சட்டத்தின்படி மாசுதான் என்றும், மாசைத் தடுக்க நாடுகள் காட்ட வேண்டிய உரிய கவனம் கடுமையான அளவுகோலுக்கு உட்பட்டது என்றும் அது சொன்னது. மனிதர் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒரு பொருளைக் கடலில் சேர்த்து, அதனால் தீங்கு விளைந்தால் அது மாசு என்ற இலக்கணத்தில் பிளாஸ்டிக் வாயுவைவிட எளிதாகப் பொருந்தும். ஆகவே 'இந்தப் போத்தல் உன்னுடையது' என்று நிரூபிப்பதை விட்டுவிட்டு, 'குப்பை அள்ள நீ செய்ய வேண்டியதைச் செய்யவில்லை' என்று வாதிடலாம். பிளாஸ்டிக்கின் பெயரால் இன்னும் எந்த நாடும் அப்படி வழக்குத் தொடுத்ததில்லை. அண்டை வீட்டாரோடு தினமும் முகம் பார்த்து வாழ வேண்டிய தென்கிழக்காசியாவில் முதல் வழக்கு எழும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை.

நம் கண்ணெதிரே இருக்கும் நீரிணையையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் நீரிணை அனைத்துலகக் கப்பல் போக்குவரத்துக்கான நீரிணை. கப்பல்களுக்கு அங்கே தடையின்றிக் கடக்கும் உரிமை உண்டு. கரை நாடுகள் அவற்றின் மீது என்ன மாசுச் சட்டம் இயற்றலாம் என்பதை 42ஆவது பிரிவு வரையறுக்கிறது: எண்ணெய், எண்ணெய்க் கழிவு, 'பிற நச்சுப் பொருள்கள்' ஆகியவற்றை வெளியேற்றுவது தொடர்பான அனைத்துலக விதிகளுக்குச் செயல்வடிவம் தரும் சட்டங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் குப்பை நச்சுப் பொருளா? ஆம் என்று வாதிடலாம், நானும் வாதிடுவேன். ஆனால் வாதிட வேண்டிய நிலையில் இருப்பதே பிரச்சினை.

குப்பை கப்பலில் சரக்காக ஏறும் கட்டத்துக்கு வருவோம். அபாயக் கழிவுகளின் எல்லை கடந்த போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் 1989ஆம் ஆண்டின் பாசல் உடன்படிக்கை, 2019இல் நார்வேயின் முன்மொழிவால் பிளாஸ்டிக் கழிவுக்கும் நீட்டிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தரம் பிரிக்கப்படாத, அழுக்கான பிளாஸ்டிக் கழிவை அனுப்ப வேண்டுமானால் பெறும் நாட்டின் முன்னனுமதி தேவை. தூய்மையாகப் பிரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போவதற்கு அது தேவையில்லை. 2018இல் சீனா கழிவு இறக்குமதிக்குக் கதவடைத்தபின் மலேசியாவுக்குத் திரும்பிய கொள்கலன்களின் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் அருமை தெரியும். எனினும், தூய்மையான கழிவு என்பதற்கு உடன்படிக்கை தரும் விளக்கம், வேறு கழிவோ அழுக்கோ 'ஏறத்தாழ இல்லாதது' என்பதுதான். எத்தனை விழுக்காடு வரை 'ஏறத்தாழ' என்று எண் இல்லை. ஒரு நாட்டுச் சுங்க அதிகாரி அனுமதிக்கும் பொதியை அடுத்த நாட்டு அதிகாரி திருப்பியனுப்புவார். அமெரிக்கா இந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை. அதனால்தான் மலேசியா 2025 ஜூலை முதல், பாசல் உறுப்பு நாடுகளிலிருந்து மட்டுமே பிளாஸ்டிக் கழிவை ஏற்பது என்று தன் விதியை மாற்றிக்கொண்டது. தவிர, பாசல் கவனிப்பது கழிவை மட்டுமே. இன்னும் பயன்படுத்தப்படாத பிளாஸ்டிக் அதன் கண்ணில் படாது.

அந்த வெற்றிடத்தில் நடந்ததுதான் எக்ஸ்-பிரஸ் பேர்ல் விபத்து. நம் கொடி பறந்த கப்பல் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அந்தச் சிங்கப்பூர்க் கப்பலில் தீப்பிடித்தது. ஏற்கெனவே ஒரு கொள்கலனிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. கத்தாரிலும் இந்தியாவிலும் இரு துறைமுகங்கள் அந்தக் கொள்கலனை இறக்கிக்கொள்ள மறுத்திருந்தன. கப்பலில் இருந்த 1,486 கொள்கலன்களில் நானூற்றுக்கும் மேற்பட்டவற்றில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. பிளாஸ்டிக் பொருள்களில் பெரும்பாலானவை உருக்கி வார்க்கப்படுவது இந்த மணிகளிலிருந்துதான். கையில் எடுத்தால் ஜவ்வரிசி என்றே நினைப்பீர்கள். இலங்கையின் மேற்குக் கரை நெடுகிலும் அவை பனிபோலக் குவிந்தன. தீயில் கருகியவை மணலோடு கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டன. கையால் அள்ளினால் மணலும் சேர்ந்து வரும், சல்லடையில் போட்டால் சிப்பித்துண்டும் சேர்ந்து நிற்கும். மீனவர்கள் மாதக்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். மணிகள் கடல்வழி அபாயச் சரக்குப் பட்டியலில் இல்லை. எனவே அவற்றை எங்கே, எப்படி அடுக்குவது என்பதற்குத் தனி விதி கிடையாது. அவை கழிவு அல்ல; எனவே பாசல் பொருந்தாது. வேண்டுமென்றே வீசப்பட்டவை அல்ல. எனவே மார்பொல் ஐந்தாம் இணைப்பின் தடை உதவாது. எண்ணெயும் அல்ல, எனவே எண்ணெய்க்கான இழப்பீட்டு உடன்படிக்கைகளும் உதவா. அபாயகரமான, நச்சுப் பொருள்களைக் கடலில் கொண்டுசெல்வதற்கான இழப்பீட்டு உடன்படிக்கை 1996இல் ஏற்கப்பட்டு 2010இல் திருத்தப்பட்டும் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது. வந்தாலும், கொள்கலன் சரக்கில் அபாயப் பட்டியலில் இருப்பவற்றையே அது பார்க்கும் என்பதால் மணிகள் மறுபடியும் நழுவிவிடும்.

மிஞ்சியது கப்பல் உரிமையாளர் பொறுப்பு வரம்பு உடன்படிக்கை மட்டுமே. என் வேலையில் நான் அன்றாடம் புரட்டும் ஆவணம் இது. கப்பலின் டன் அளவை வைத்து உரிமையாளர் கொடுக்க வேண்டிய உச்சத் தொகையை அது கணக்கிடுகிறது. கரையில் எவ்வளவு நாசம் என்பது அந்தக் கணக்கில் வராது. 2023இல் லண்டன் நீதிமன்றம் இந்த விபத்துக்கான வரம்பைச் சுமார் 19 மில்லியன் பவுண்டு என்று வைத்தது. 2025 ஜூலையில் இலங்கையின் உச்ச நீதிமன்றமோ, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி ஒரு பில்லியன் அமெரிக்க வெள்ளி கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. கப்பல் தரப்பு அதைச் செலுத்த மறுத்துவிட்டது. ஒரே விபத்துக்கு இரண்டு நாட்டு நீதிமன்றங்கள் சொன்ன தொகைகளுக்கு இடையே உள்ள பள்ளமே, நீங்கள் கேட்ட சட்டக் குறைபாட்டின் அளவு.

எண்ணெயோடு ஒப்பிட்டால் இது இன்னும் உறைக்கும். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பலொன்று எரிபொருள் கப்பலில் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கொட்டியதும், செந்தோசாவும் ஈஸ்ட் கோஸ்ட்டும் கறுத்துப்போனதும் நாம் கண்டவை. மோதியது எந்தக் கப்பல் என்பது வேறு விவகாரம். எண்ணெயைச் சுமந்த கப்பலின் உரிமையாளர், தவறு யாருடையது என்று நிரூபிக்கப்படும் முன்பே, மாசுச் சேதத்துக்குப் பொறுப்பு. அதற்குக் காப்புறுதி கட்டாயம். அவருடைய வரம்பைத் தாண்டினால் கைகொடுக்க எண்ணெய் இறக்குமதியாளர்களின் பணத்தில் இயங்கும் அனைத்துலக நிதியம் இருக்கிறது. பிளாஸ்டிக் மணிகளும் எண்ணெயிலிருந்தோ எரிவாயுவிலிருந்தோ பிறந்தவைதான். திரவமாகக் கொட்டினால் சட்டம் ஓடிவருகிறது. மணியாகக் கொட்டினால் கரைவாசிகள் சல்லடையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 2024இல் மணிகளுக்கான பரிந்துரைகளை வெளியிட்டது: உறுதியான பொதி, சரக்கு இன்னதென்று தெளிவான அறிவிப்பு, இயன்றவரை மேல்தளத்தில் அல்லாமல் கீழே அடுக்குதல். அவை பரிந்துரைகள் மட்டுமே. அடுத்த ஆண்டு மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது அதே ஜவ்வரிசி மணிகள் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. தமிழ் வாசகர்களில் பலர் இந்த மணிகளைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள்.

வட்டார ஏற்பாடுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆசியான் 2019இல் பேங்காக் பிரகடனத்தையும் 2021இல் ஐந்தாண்டுச் செயல்திட்டத்தையும் வெளியிட்டது. இரண்டும் யாரையும் கட்டுப்படுத்தாதவை. மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு 1976இலேயே பார்சிலோனா உடன்படிக்கை கிடைத்து, அதன்கீழ் 2013இல் கடல் குப்பைக்கென்று கட்டுப்படுத்தும் திட்டமும் வந்துவிட்டது. கிழக்காசியக் கடல்களுக்கு அத்தகைய உடன்படிக்கையே கிடையாது. சிங்கப்பூரின் ரீனா லீ தலைமையில் உருவான ஆழ்கடல் பல்லுயிர் உடன்படிக்கை 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அது பெருஞ்சாதனைதான், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் பாதுகாப்புப் பகுதிகளை அமைக்க வழி தருகிறது. ஆனால் ஆற்றுவழி வரும் குப்பையை நிறுத்துவது அதன் வேலை அன்று.

ஆகவே எல்லோருடைய கண்ணும் பிளாஸ்டிக் உடன்படிக்கையின் மீது இருந்தது. 2022 மார்ச் 2 அன்று நைரோபியில் ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் மன்றம், பிளாஸ்டிக்கின் முழு வாழ்க்கைச் சுழற்சியையும் உள்ளடக்கிய, கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை 2024 முடிவதற்குள் உருவாக்குவதென்று தீர்மானித்தது. உருகுவே, பாரிஸ், நைரோபி, ஒட்டாவா என்று பேச்சுகள் நகர்ந்து, பூசானில் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் மீண்டும் கூடியும் உடன்பாடின்றிக் கலைந்தார்கள். இழுபறி எதில் என்றால், உற்பத்தியில். உற்பத்தியைக் குறைக்க உலக இலக்கு வேண்டும் என்று பூசானில் பனாமா கொண்டுவந்த முன்மொழிவை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. சவூதி அரேபியா, ரஷ்யா, ஈரான் போன்ற எண்ணெய் நாடுகளோ, இது கழிவு மேலாண்மைப் பிரச்சினை, உற்பத்திப் பிரச்சினை அன்று என்று நின்றன.

நூறு நாடுகள் ஒருபுறம் நின்றும் ஏன் நிறைவேறவில்லை என்பதற்கான விடை, பலர் படிக்காமல் தாண்டிப்போகும் நடைமுறை விதிகளில் இருக்கிறது. ஒருமித்த கருத்து எட்டப்படாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கெடுப்புக்குப் போகலாமா என்ற வரைவு விதி 38 இறுதி செய்யப்படாமலே விடப்பட்டது. பாரிஸில் ஏறத்தாழ இரண்டு நாள் அதிலேயே கழிந்தது. வாக்கெடுப்பு இல்லாத மன்றத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் வீட்டோ இருக்கிறது. ஆக, எதற்கும் சம்மதிக்காதவர் எழுதும் வாசகமே கடைசியில் வாசகமாகும். ஓசோன் படலத்துக்கான 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் நெறிமுறை இந்தப் பொறியில் சிக்கவில்லை. கட்டுப்பாடுகளை இறுக்க, ஒருமித்த கருத்து கிட்டாதபோது வாக்கெடுப்பு உண்டு. உறுப்பினரல்லாத நாடுகளோடு அப்பொருள்களில் வணிகம் கிடையாது என்பதால் வெளியே நிற்பதே நட்டமாகியது. பிளாஸ்டிக் எங்கும் நிறைந்த பொருள், சில குளிர்பதன வாயுக்களோடு ஒப்பிடலாகாது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும், ஒப்பமிட மறுப்பவர்களுக்காக நீர்த்துப்போன உடன்படிக்கையைவிட, விருப்பமுள்ள நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் கறாரான உடன்படிக்கையும் அதோடு வணிக விதியும் மேல் என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். பெரிய உற்பத்தியாளர்கள் இல்லாத உடன்படிக்கை வெறும் சங்கம் என்பார்கள்.

எண்களைப் பற்றி ஓர் இடைச்செருகல். 2010இல் நிலத்திலிருந்து கடலில் சேர்ந்த பிளாஸ்டிக் 4.8 முதல் 12.7 மில்லியன் டன் என்று 2015இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வு மதிப்பிட்டது. பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்போ 2019இல் உலகம் பயன்படுத்திய 460 மில்லியன் டன்னில், நீர்நிலைகளில் 6.1 மில்லியன் டன் கசிந்து, அவ்வாண்டு கடலைச் சென்றடைந்தது 1.7 மில்லியன் டன் என்கிறது. இரண்டும் நேரில் அளந்தவை அல்ல, கணித மாதிரிகளைக் கொண்டு மதிப்பிட்டவை. முறையும் எல்லையும் வெவ்வேறு. எந்த நாடும் தன் ஆறுகள் எவ்வளவு பிளாஸ்டிக்கைக் கடலில் விடுகின்றன என்று அளந்து அறிக்கை தரும் கடமை எந்த உடன்படிக்கையிலும் இல்லாததால், இந்த அளவுக்கு விலகிய மதிப்பீடுகளோடு காலம் தள்ளுகிறோம். கப்பலிலோ பதிவேடு கன மீட்டர் கேட்கிறது.

சிங்கப்பூர் இதில் எங்கே நிற்கிறது என்றும் மாணவர்கள் கேட்பார்கள். நம் குப்பை அநேகமாகக் கடலுக்குப் போவதில்லை. எரிக்கப்பட்டு, சாம்பல் செமாக்காவ் தீவில் நிரப்பப்படுகிறது. அந்த இடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. பிளாஸ்டிக் மறுசுழற்சியோ 2023இல் 5 விழுக்காடுதான். பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் நெகிழிப்பைக்குக் குறைந்தது 5 காசு. 2026 ஏப்ரல் 1 முதல் பானப் போத்தலுக்கும் டின்னுக்கும் 10 காசு முன்பணம். இவை நல்லவை. ஆனால் ஜூரோங் தீவின் ஆலைகளிலிருந்து பிளாஸ்டிக் மணிகள் புறப்படுகின்றன என்பதும், உலகின் மிகப்பெரிய கொள்கலன் துறைமுகங்களில் ஒன்று நம்முடையது என்பதும், நம் கொடியில் ஏராளமான கப்பல்கள் ஓடுகின்றன என்பதும் உண்மை. ஆகவே மணிகளை அபாயச் சரக்காக வகைப்படுத்துவதா என்ற விவாதத்தில் நாம் பார்வையாளர்கள் அல்லர். கடல்சட்டத்துக்கும் ஆழ்கடல் உடன்படிக்கைக்கும் தலைமை தந்த நாடு இந்தச் சின்ன, சலிப்பூட்டும் வகைப்பாட்டு விவகாரத்தில் முன்னே நின்றால், ஜெனீவாவில் நடப்பதைவிட விரைவில் பலன் தெரியும் என்று நினைக்கிறேன். பரிந்துரையைக் கட்டாயமாக்கத் தேவைப்படுவது புதிய உடன்படிக்கை அன்று, இருப்பதில் ஒரு திருத்தம்.

ஆக, மாணவர்களுக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில்: கப்பலிலிருந்து வீசியதைக் கண்ணால் கண்டிருந்தால், படமும் நேரமும் இடமும் கப்பலின் பெயரும் இருந்தால், கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் புகார் செய்யலாம்; அதற்குச் சட்டம் உண்டு. கரையில் ஒதுங்கிக் கிடந்த போத்தலுக்கு இப்போதைக்கு வழக்கு இல்லை. அடுத்த முறை போகும்போது போத்தல்களைப் பட்டைக்குறியின் முதல் மூன்று எண்களை வைத்துப் பிரித்து, தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். மணலைச் சல்லடையில் சலித்து ஜவ்வரிசி மணிகள் தென்படுகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 888இல் தொடங்குபவை எத்தனை என்பதைத் தனியாக எண்ணி எனக்கும் எழுதுங்கள்.